புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு ஸ்டவ் வாங்குவது எப்படி: முகவரி பார்ப்பது முதல் முதல் தீ வரை

லண்டனிலோ பர்மிங்காமிலோ பழைய வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு, முன்னறையில் அடைத்துக் கிடக்கும் கணப்பைப் பார்த்ததும் ஒரு ஆசை வரும்: அதைத் திறந்து விறகு ஸ்டவ் வைக்கலாமே என்று. அப்புறம் நேராகக் கடைக்குப் போய்விடுவார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ ஆடுவதைப் பார்த்ததும் முன்பணம் கட்டிவிடுவார்கள். சிம்னி இருக்கிறதா, அறைக்கு எத்தனை கிலோவாட், அந்த மாடலுக்கு அனுமதி உண்டா என்ற கேள்விகளெல்லாம் அதன் பிறகுதான் வரும்.

வரிசை இதற்கு நேர் எதிர். முகவரி, சிம்னி, விறகு வைக்கும் இடம், அறையின் அளவு, அனுமதிப் பட்டியல், கடைசியில்தான் ஸ்டவ்வின் அழகு. இங்கே சொல்வது இங்கிலாந்தின் விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறை வேறுபடும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, வீட்டை முன்னும் பின்னும் சற்றுத் தள்ளி நின்று எடுத்த படம் (கூரையும் சிம்னியும் தெரிய வேண்டும்), ஃபிளாட் என்றால் குத்தகைப் பத்திரம்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவையா?

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தால் இந்த வேலையை இங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. எவ்வளவு நல்ல ஸ்டவ்வும் நுண்துகளை வெளியிடத்தான் செய்யும். விறகு போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் அறைக்குள்ளும் வரும். ‘குறைந்த புகை’ என்றால் புகையே இல்லை என்று பொருளில்லை. கேஸ் பாய்லரோ ஹீட் பம்போ ஒழுங்காக ஓடுகிற வீட்டில் இது கூடுதல் வசதிதான். விறகைக் காசு கொடுத்து வாங்குபவருக்குப் பெரிய மிச்சமும் கிடைக்காது. இதெல்லாம் தெரிந்தும் வேண்டும் என்றால், சரி, மேலே போகலாம்.

2. முகவரியைச் சரிபாருங்கள்

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிப்பது உள்ளூர் கவுன்சில்தான். லண்டனின் பெரும்பகுதியும் பர்மிங்காம், மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களில் பெரும் பரப்பும் இதில் அடங்கும். சில ஊர்களில் ஒரு தெரு உள்ளே இருக்கும், அடுத்த தெரு வெளியே இருக்கும். அதனால் ‘பக்கத்து வீட்டில் எரிக்கிறார்களே’ என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. கவுன்சிலின் இணையதளத்தில் வரைபடம் இருக்கும். தெளிவில்லை என்றால் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதிக்குள் இருந்தால் விதி இதுதான். அங்கீகரிக்கப்பட்ட புகையில்லா எரிபொருளை எந்தக் கணப்பிலும் எரிக்கலாம். விறகு அந்த வகையில் வராது. விறகு எரிக்க வேண்டுமானால், சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் உள்ள ஸ்டவ்வில்தான் எரிக்க வேண்டும். திறந்த கணப்பில் விறகு எரிப்பது கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் மட்டும் என்றாலும் விதிமீறல்தான்.

சிம்னியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். 2022 முதல் இது நீதிமன்றம் போகாமலே கவுன்சில் நேரடியாக விதிக்கும் அபராதம். பட்டியலில் இல்லாத ஸ்டவ்வுக்காக அங்கீகாரமில்லாத எரிபொருளை வாங்கினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் கவுன்சில் அனுமதி இல்லாமல் கணப்பில் கைவைக்கக் கூடாது.

3. சிம்னி மேலே வரை போகிறதா?

கீழே கணப்பு இருப்பதால் மேலே சிம்னி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். லண்டனின் விக்டோரியன் வரிசை வீடுகளில், மாடிப் படுக்கையறையைப் பெரிதாக்க முந்தைய உரிமையாளர் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சிம்னிப் பகுதியை இடித்திருப்பது சர்வ சாதாரணம். கீழே அலங்காரக் கணப்பு அப்படியே இருக்கும், கூரைக்கு மேலே செங்கல் தண்டும் நிற்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. மாடி அறையில் அதே சுவருக்கு நேரே போய் நின்று பாருங்கள். சுவர் தட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லாஃப்டில் ஏறிப் பாருங்கள்: செங்கல் தண்டு இரும்பு பீமின் மேல் உட்கார்ந்திருந்தால், கீழே சிம்னியை இடித்துவிட்டார்கள் என்று பொருள்.

சிம்னி இல்லையென்றால் வழியே இல்லை என்றில்லை. இரட்டைச் சுவருள்ள, நடுவே காப்புப் பொருள் அடைத்த எஃகுக் குழாயை வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோகலாம். ஆனால் செலவு வேறு, அனுமதிக் கேள்விகளும் வேறு. கூரையின் மிக உயரமான இடத்தைவிட 1 மீட்டருக்கு மேல் குழாய் உயர்ந்தாலோ, வீடு பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியில் இருந்தாலோ முன்கூட்டியே கவுன்சிலைக் கேட்க வேண்டும்.

சிம்னி இருந்தால் அடுத்து சிம்னி சுத்தம் செய்பவரை வரவழையுங்கள், ஸ்டவ் வாங்குவதற்கு முன்பே. அவர் துடைத்து, புகைச் சோதனை செய்து, எங்காவது கசிகிறதா என்று சொல்வார். நான் பார்த்தவரை இந்த முழு வேலையில் அதிகப் பலன் தரும் சிறு செலவு இதுதான். பழைய பறவைக் கூடு, அடைத்து வைத்த கான்கிரீட் பலகை, பக்கத்து வீட்டுக்குள் திறக்கும் விரிசல் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும்.

பெரும்பாலும் லைனர் போடச் சொல்வார்கள். அது சிம்னிக்குள் இறக்கும் வளையும் எஃகுக் குழாய். அகன்ற செங்கல் சிம்னியில் புகை சீக்கிரம் குளிர்ந்து தாராகப் படியும். ஒடுக்கமான குழாயில் சூடாகவே மேலேறும், இழுப்பும் நன்றாக இருக்கும். 316, 904 என்று இரண்டு தரங்கள் உண்டு. 904 அரிப்பை நன்றாகத் தாங்கும், எப்போதாவது நிலக்கரி வகை எரிபொருள் போடுவீர்கள் என்றால் அதையே கேளுங்கள். வழக்கமான விட்டம் 150 மில்லிமீட்டர். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அனுமதி பெற்ற பல ஸ்டவ்களுக்கு 125 போதும். குறுகிய சிம்னி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பழைய கேஸ் ஃபயருக்குப் போட்டிருந்த லைனரை விறகுக்குப் பயன்படுத்தக் கூடாது, அந்த வெப்பத்தை அது தாங்காது.

ஸ்டவ்வின் மேற்பகுதியிலிருந்து குழாய் முனை வரை சுமார் 4.5 மீட்டர் உயரம் வேண்டும். ஒற்றை மாடி நீட்டிப்பில் ஸ்டவ் வைக்க நினைப்பவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. விறகை எங்கே வைப்பீர்கள்?

ஸ்டவ் பற்றிய கட்டுரையில் விறகு ஏன் இவ்வளவு முன்னால் வருகிறது என்று கேட்கலாம். ஈர விறகைப் போட்டால், விலை உயர்ந்த ஸ்டவ்வும் பழைய கணப்பைப் போலத்தான் புகையும். எரிகிற வெப்பத்தில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே போய்விடும். தீ குளிர்ந்து, முழுதாக எரியாத வாயுக்கள் புகையாகவும் தாராகவும் மேலே போகும்.

20 சதவீதமோ அதற்குக் குறைவோ ஈரம் உள்ள விறகுதான் வேண்டும். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ‘ரெடி டு பர்ன்’ முத்திரை இருக்க வேண்டும். முத்திரையின் கீழே விற்பவரின் பெயரும் சான்றிதழ் எண்ணும் இருக்கும். பெட்ரோல் பங்க் வாசலில் அடுக்கியிருக்கும் சிறு மூட்டைகளிலும் இதைத் தேடுங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு, ஆனால் அதைக் காயவைக்கும் பொறுப்பு உங்களுடையது. புதிதாக வெட்டிய ஓக் மரம் பிளந்து அடுக்கிய பிறகும் இரண்டு ஆண்டு கேட்கும்.

ஈரம் அளக்கும் சிறு கருவி விலை அதிகமில்லை. ஆனால் பலர் அதை விறகின் வெளிப்பக்கம் குத்திப் பார்த்து, 14 என்று காட்டியதும் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். விறகைக் கோடரியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். அதே கட்டை 26 காட்டலாம்.

வைக்கும் இடத்துக்கு மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், அடியில் தரையைத் தொடக் கூடாது. தார்ப்பாயால் முழுக்க மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். குறைந்தது ஒரு கன மீட்டர் வைக்க இடமில்லாத வீட்டில் குளிர்காலம் முழுவதும் சிறு மூட்டை வாங்கியே கையைச் சுட்டுக்கொள்வீர்கள். இடமில்லை என்றால் ஸ்டவ் யோசனையையே மறுபடி யோசிக்கலாம்.

பெயின்ட் அடித்த பலகை, பழைய வேலிக் கட்டை, பதப்படுத்திய மரம் எதையும் போடாதீர்கள். பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம்.

5. கிலோவாட் கணக்கு: சின்னதே நல்லது

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. பெரிதாக வாங்கிக் குறைத்து எரிக்கலாம் என்பது கேஸ் அடுப்புக்குப் பொருந்தும், விறகுக்குப் பொருந்தாது. விறகு ஸ்டவ் தன் குறித்த திறனுக்கு அருகில் எரியும்போதுதான் சுத்தமாக எரியும். அறை சீக்கிரம் கொதித்துப் போனால் என்ன செய்வீர்கள்? காற்றை அடைப்பீர்கள். தீ மங்கும், கண்ணாடி கறுக்கும், சிம்னியில் தார் ஏறும், வெளியே புகை போகும். சிம்னி தீப்பிடிப்பதற்கு வழக்கமான காரணமும் அந்தத் தார்தான்.

கணக்கு எளிது. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். சுமாரான காப்புள்ள வீட்டுக்கு 14ஆல் வகுங்கள். பழைய, குளிர் புகும் வீட்டுக்கு 10ஆல். நன்றாகக் காப்பிட்ட புது வீட்டுக்கு 25ஆல்.

விக்டோரியன் வீட்டு முன்னறை ஒன்று: 4 × 3.6 × 2.6. சுமார் 37 கன மீட்டர். 14ஆல் வகுத்தால் 2.7 கிலோவாட், 10ஆல் வகுத்தாலும் 3.7தான். ஆனால் கடையில் உங்களுக்குக் காட்டுவது 5 கிலோவாட்டாக இருக்கும். காரணம் உண்டு: பழைய வீடுகளில் 5 கிலோவாட் வரை தனிக் காற்றுத் துவாரம் போடத் தேவையில்லை, அதனால் அந்த அளவில்தான் மாடல்கள் குவிந்திருக்கின்றன. இந்த அறைக்கு 3 முதல் 4 கிலோவாட் மாடலைக் கேட்டு வாங்குங்கள். அறை முன்னும் பின்னும் திறந்து ஒன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடலாம், ஆனால் மாடிக்கும் சேர்த்துக் கணக்கிடாதீர்கள். சூடு படியேறும்தான், நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஏறாது.

6. பட்டியலில் மாடலைத் தேடுங்கள்

இப்போதுதான் மாடல் பெயர்கள். டெஃப்ராவின் விலக்குப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தயாரிப்பாளர் பெயரைப் போட்டுத் தேடி, சரியான மாடல் எண்ணைப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் 4 கிலோவாட் மாடல் பட்டியலில் இருக்கும், 8 கிலோவாட் மாடல் இருக்காது. பெயர் ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது.

பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, எந்த எரிபொருளுக்கு அனுமதி. இரண்டாவது, நிபந்தனைகள். பல மாடல்களில் காற்றுக் கட்டுப்பாட்டை ஓர் அளவுக்குமேல் மூட முடியாதபடி நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் அது ஒரு சின்னத் திருகாணியோ தகடோதான். சில நிறுவனங்கள் அதைத் தனிப் பையில் வைத்து, ‘ஸ்மோக் கன்ட்ரோல் கிட்’ என்று தனியாக விற்கும். அந்தப் பை அலமாரியிலேயே கிடந்தால், பட்டியலில் உள்ள ஸ்டவ் உங்கள் வீட்டில் பட்டியலில் இல்லாத ஸ்டவ்தான். இரவு முழுவதும் மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கட்டும் என்று அந்தத் திருகாணியைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையைத் தடுக்கத்தான் அது அங்கே இருக்கிறது.

7. இரண்டு முத்திரைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கடைக்காரர் ‘எக்கோடிசைன்’ என்று சொன்னதும் எல்லாம் சரி என்று நினைப்பது வாடிக்கை. 2022 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் புது ஸ்டவ் எல்லாமே எக்கோடிசைன் வரம்புக்குள் இருக்க வேண்டும்: பருவகாலத் திறன் (எரிபொருளின் வெப்பத்தில் அறைக்குக் கிடைக்கும் பங்கு) 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஒரு கன மீட்டர் புகைவாயுவில் துகள் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடு 1,500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இது விற்பதற்கான விதி.

டெஃப்ரா விலக்கு என்பது உங்கள் தெருவில் எரிப்பதற்கான விதி. இரண்டும் தனித்தனிச் சோதனைகள். எக்கோடிசைன் ஸ்டவ் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இவற்றுக்கு மேல் ‘கிளியர்ஸ்கைஸ்’ என்ற தன்னார்வச் சான்று உண்டு. அதில் எண் கூடக் கூடப் புகை குறைவு. இரண்டு ஸ்டவ் சம அளவில் பிடித்திருந்தால் பெரிய எண்ணுள்ளதை எடுங்கள்.

பழைய ஸ்டவ் மலிவாகக் கிடைக்கிறது என்பவர்களுக்கு: மாடல் பட்டியலில் இருக்க வேண்டும், தடுப்பு இருக்க வேண்டும், கையேடு இருக்க வேண்டும். மூன்றும் இருந்தாலும் பல நிறுவுநர்கள் பழையதைத் தொடவே மாட்டார்கள்.

8. கடையில் எதைப் பார்ப்பது

கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பின்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். முன்பே சூடேறிய காற்று அந்த வழியாக வந்து, மேலேறும் புகை வாயுக்களை எரிக்கும். குறைந்த புகையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பக்கங்களில் உள்ள வெளிர்நிறப் பலகைகள் வெர்மிகுலைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமம். உடையக்கூடியவை, மாற்று எளிதில் கிடைக்குமா என்று கேளுங்கள். கதவோரக் கயிற்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

விறகு மட்டுமா, பல எரிபொருளா? விறகு சாம்பல் படுக்கையின் மேல் எரிவதையே விரும்பும், காற்று மேலிருந்து வர வேண்டும். நிலக்கரி வகைக்குக் கீழிருந்து காற்று வேண்டும், சல்லடைத் தட்டு வேண்டும். விறகு மட்டும்தான் போடப் போகிறீர்கள் என்றால் விறகுக்கென்றே செய்ததை வாங்குங்கள். கட்டையின் அதிகபட்ச நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் கட்டை போகும் ஸ்டவ்வுக்கு 33 சென்டிமீட்டர் விறகு வாங்கிவிட்டு ரம்பத்தோடு நிற்பவர்கள் நிறைய.

9. காற்று, கல்தளம், அலாரம்

பழைய வீட்டில் 5 கிலோவாட்டுக்கு மேல் போனால், கூடுதலான ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரத் துவாரம் வேண்டும். 8 கிலோவாட் என்றால் 1,650. காற்றுப் புகாத புது வீட்டில் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கும், 5 கிலோவாட்டுக்கு 2,750. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிக்காற்றை நேராகக் குழாயில் எடுக்கும் மாடல் பொருத்தம்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில், மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போடுவோம். அது அறையின் காற்றை உறிஞ்சும். ஈடுசெய்யக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும், எளிய வழி சிம்னி. மேலே போக வேண்டிய புகை திரும்பி அறைக்குள் வரும், அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். பொருத்துபவரிடம் ‘எங்களிடம் பலமான எக்ஸாஸ்ட் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். சன்னல் கதவெல்லாம் மூடி, எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓடவிட்டுப் புகை கசிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கசிந்தால் இரண்டில் ஒன்றுதான் அந்த இடத்தில் இருக்க முடியும்.

ஸ்டவ் நிற்கும் கல்தளம் கதவுக்கு முன்னால் குறைந்தது 225 மில்லிமீட்டரும் பக்கங்களில் 150ம் நீள வேண்டும். தளத்தை 100 டிகிரிக்கு மேல் சூடாக்காத மாடலுக்கு 12 மில்லிமீட்டர் கல் போதும், இல்லையென்றால் 125 மில்லிமீட்டர் கனமான தளம் வேண்டும். மர அலமாரி, திரைச்சீலை எல்லாம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில், மேற்கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி. ஸ்டவ்வுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

10. பொருத்துவதும் காகிதமும்

ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு பெற்றவரை அழைத்தால், வேலை விதிப்படி முடிந்தது என்று அவரே சான்று தருவார், கவுன்சிலுக்கும் தகவல் போகும். பதிவில்லாதவர் செய்தால், வேலை தொடங்குமுன் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நீங்கள் அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். தெரிந்த பில்டர் மலிவாகச் செய்து தருகிறார் என்று விட்டால், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்தச் சான்றைத்தான்.

விலை கேட்கும்போது ஸ்டவ், லைனர், கல்தளம், உழைப்பு என்று பிரித்துக் கேளுங்கள். பொருத்தும் செலவு ஸ்டவ் விலையைத் தாண்டுவது அதிசயமில்லை. வேலை முடிந்ததும் லைனர் வகை, தேதி குறித்த தகட்டை மீட்டர் பக்கத்திலோ கணப்பு பக்கத்திலோ ஒட்டினார்களா என்றும் பாருங்கள்.

11. முதல் தீ

முதல் சில தீயைச் சின்னதாக மூட்டுங்கள். புதுப் பெயின்ட் இறுகும்போது நாற்றமடிக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள்.

நம் ஊர் அடுப்பில் சுள்ளியைக் கீழே வைத்துக் கட்டையை மேலே வைப்போம். இங்கே தலைகீழ்: இரண்டு கட்டை கீழே, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் தீமூட்டி. தீ மேலிருந்து கீழே இறங்கும்போது கட்டையிலிருந்து எழும் வாயு சுவாலைக்குள் புகுந்தே போக வேண்டும், அங்கேயே எரிந்துவிடும். சிம்னியும் சீக்கிரம் சூடாகும்.

காற்றை முழுக்கத் திறந்து மூட்டுங்கள். கட்டைகள் நன்றாகப் பற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அடுத்த கட்டையைத் தணல் இருக்கும்போதே போடுங்கள், ஒன்றோ இரண்டோதான். போட்டதும் சில நிமிடம் காற்றைக் கூட்டி வையுங்கள். 5 கிலோவாட் ஸ்டவ்வுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரைக் கிலோ விறகு போதும்.

தீ நிலைத்த கால் மணி நேரத்துக்குப் பிறகு தெருவுக்குப் போய் உங்கள் சிம்னியைப் பாருங்கள். சூட்டில் காற்று நெளிவது தெரியலாம், புகை கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுக் குறைவு, அல்லது அதிகம் திணித்திருக்கிறீர்கள். பெரும்பாலும் முதல் காரணம்தான்.

சிம்னியை ஆண்டுக்கு ஒரு முறையாவது துடைக்கச் சொல்லுங்கள், தினமும் எரிப்பவர்கள் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம்.